உங்களுக்குத் தெரியுமா? – பாஸ்பேட்டால் செழித்த நவுரு

பசிபிக் பெருங்கடலில் ஏறத்தாழ 21 சதுர கிலோமீட்டர் பரப்பே உள்ள நவுரு, உரத் தொழிலின் மூலப்பொருளான பாஸ்பேட் பாறையை விற்று, 1970களில் தனிநபர் வருமானத்தில் உலகின் முன்னணி நாடுகளுள் ஒன்றாக விளங்கியது. எனினும், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அயலார் தொடங்கி, 1968இல் விடுதலை பெற்ற பின்னர் நவுருவே தொடர்ந்த அகழ்வு, தீவின் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கைக் கூரிய பவளச் சுண்ணாம்புத் தூண்கள் மட்டும் எஞ்சிய தரிசாக்கிவிட்டதால், மக்கள் பெரும்பாலும் கரையோரக் குறுகிய நிலப்பட்டையில் வாழ்கின்றனர். பயிரிட இடமின்றி, இறக்குமதியான பதப்படுத்திய உணவையே பெரிதும் நம்ப நேர்ந்ததால், நீரிழிவும் உடற்பருமனும் அங்கு மிகப் பரவலாயின. விடுதலைக்கு முன் சிதைக்கப்பட்ட நிலத்திற்கு ஈடு கோரி, 1989இல் பன்னாட்டு நீதிமன்றத்தில் ஆஸ்திரேலியா மீது நவுரு தொடுத்த வழக்கு 1993இல் உடன்பாட்டில் முடிந்தது; ஆனால், இழந்த மேல்மண்ணை எந்த இழப்பீடும் விரைவில் மீட்டுத் தராது. இந்த இழப்பு வருமானக் கணக்கிலும் தெரிவதில்லை: ஒரு நாட்டில் ஓராண்டில் ஆக்கப்படும் இறுதிப் பொருள்கள், பணிகள் ஆகியவற்றின் மதிப்பைக் கூட்டிக் காணும் ‘மொத்த உள்நாட்டு உற்பத்தி’, விற்ற பாறையை வருவாயாகப் பதிவுசெய்கிறதேயன்றி, மண், நீர், காடு, கனிமம் ஆகியவற்றின் இருப்பாகிய ‘இயற்கை மூலதனம்’ குறைவதைக் கழித்துக் காட்டுவதில்லை. பாஸ்பேட் வருவாயிலிருந்து வருங்காலத் தலைமுறையினருக்கென நவுரு ஒதுக்கிய நிதியின் பெரும்பகுதியும் தவறான முதலீடுகளில் கரைந்துபோன நிலையில், 2015இல் ஆஸ்திரேலியா, ஆசிய வளர்ச்சி வங்கி ஆகியவற்றின் பங்களிப்புடன் புதிய நிதியம் ஒன்று அங்கு தொடங்கப்பட்டது.