வீட்டு வளவுப் பறவைகளை அறிந்துகொள்வோம்

எமது வீட்டு வளவுகளில் நாளாந்தம் நடமாடும் பறவைகளின் பெயர்களைக்கூட எம்மில் பலர் அறிந்திருப்பதில்லை. குமணவுக்கும் புந்தலவுக்கும் சென்று பறவைகளைப் பார்த்துத் திரும்புவோர், தமது கிணற்றடியில் நிகழ்வனவற்றைக் கவனிக்கத் தவறுவது விந்தையானதே.

சித்திரைப் புத்தாண்டை அண்டிய நாட்களில் குயிலின் குரல் ஓயாது ஒலிக்கின்றது. அவ்வாறு உரத்துக் கூவுவது கரிய நிறமும் செந்நிறக் கண்களும் கொண்ட ஆண் பறவையாகும். பெண்குயில் கபில நிற உடலில் வெண்புள்ளிகள் கொண்டிருப்பதால் அதனை வேறோர் இனமெனக் கருதுவோரும் உளர். கூடு கட்டும் வழக்கமற்ற குயில், எமது நாட்டில் பெரும்பாலும் காகத்தின் கூட்டிலேயே முட்டையிடுகின்றது. காகக் குஞ்சுகளுக்குச் சில தினங்கள் முன்னதாகவே குயிற்குஞ்சு பொரித்து வெளிவந்து, ஊட்டப்படும் உணவில் முந்திக்கொள்கின்றது. கூட்டை விட்டு வெளியேறிய பின்னரும் அதற்குக் காகம் ஊட்டுவதை மதில்களின் மீது காணமுடியும். தந்திரத்திற்குப் பேர்போன காகம் ஏமாறும் இடம் இது.

சருகுகளைக் கிளறியவாறு கூட்டமாகத் திரியும் புலுனிகளின் வாழ்வு வேறுவிதமானது. தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் மாத்திரமே காணப்படும் இவ்வினத்தில், ஒரு சோடியின் குஞ்சுகளுக்குக் கூட்டத்தின் ஏனைய பறவைகளும் இரை கொண்டுவந்து ஊட்டுகின்றன. மற்றவை இரை தேடுகையில் ஒன்று உயர்ந்த கிளையில் அமர்ந்து காவல் புரியும். பூனையோ பாம்போ தென்பட்டால் எழும் கூச்சலை நாம் வீண் இரைச்சல் என்று விரட்டிவிடுகின்றோம். வளவைக் கூட்டிச் சருகுகள் அனைத்தையும் எரித்துவிடும் வழக்கமும் இவற்றின் உணவைப் பறிக்கின்றது.

ஆறுமணிக்குருவி இந்தியாவிலிருந்து வரும் விருந்தாளி. ஒக்டோபர் மாதமளவில் வந்து ஏப்ரல் வரை தங்கும் இப்பறவை, விடியலிலும் அந்தியிலும் ஆறு மணியளவில் குரல் எழுப்புவதால் இப்பெயரைப் பெற்றது. இரவில் பறந்துவரும் இவை களைப்புற்று, விளக்கொளியால் திசைமாறி வீடுகளுக்குள் விழுவதுண்டு. அவற்றைக் கூட்டில் அடைத்து வளர்க்க முற்படுவது தவறு. காற்றோட்டமுள்ள அட்டைப் பெட்டியொன்றில் இருளில் ஓய்வெடுக்கவிட்டு, தெம்பு வந்ததும் மரங்கள் செறிந்த இடத்தில் விடுவித்தல் வேண்டும். பட்டியலிடப்பட்ட சில இனங்கள் தவிர்ந்த ஏனைய பறவைகள் யாவும் 1937 ஆம் ஆண்டின் விலங்கினங்கள், தாவரங்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தினால் பாதுகாக்கப்பட்டவையாகும்.

இறகு முளைத்து நிலத்தில் தத்தித் திரியும் குஞ்சுகளை அநாதைகள் எனக் கருதி வீட்டினுள் எடுத்துச் செல்வது மற்றுமொரு தவறாகும். பறக்கப் பழகும் அப்பருவத்தில் தாயும் தந்தையும் அருகிலிருந்தே ஊட்டுகின்றன. பூனை நடமாட்டம் இருப்பின் குஞ்சை அருகிலுள்ள செடியின் கிளையில் வைத்துவிட்டு விலகினால் போதுமானது. மனிதக் கை பட்ட குஞ்சைத் தாய் ஒதுக்கிவிடும் என்பது ஆதாரமற்ற நம்பிக்கையாகும்.

வெப்பம் மிகுந்த மாதங்களில் நிழலில் மண்சட்டியொன்றில் நீர் வைப்போமாயின் இவை தாமாகவே தேடிவரும். அந்நீரை நாள்தோறும் மாற்றிவிடுவது அவசியம். இல்லையேல் பறவைகளுக்கு முன்னர் நுளம்புகள் அங்கு குடியேறிவிடும்.