நிழலுக்கு ஒரு சட்டம்

நியூயார்க், 120 பிராட்வே. முன்பிருந்த கட்டிடம் 1912இல் தீயில் அழிந்தபின், 1915இல் அங்கே எழும்பியது ஈக்விட்டபிள் கட்டிடம். 38 மாடிகள். ஓர் ஏக்கருக்கும் குறைந்த மனையில் சுமார் 12 லட்சம் சதுர அடி அலுவலகம். தெரு விளிம்பிலிருந்து கொஞ்சமும் உள்வாங்காமல் செங்குத்தாக மேலே போகிறது. அதன் நிழல் ஏழு ஏக்கருக்கு விழுந்ததாகச் சொல்வார்கள்.

மறு வருஷமே, 1916இல், நகரம் மண்டலச் சட்டம் கொண்டுவந்தது. தெருவின் அகலத்தைப் பொறுத்து, உயரே போகப்போகக் கட்டிடம் பின்வாங்க வேண்டும். மனையின் கால்பங்கில் மட்டும் எவ்வளவு உயரமும் கட்டலாம். வெளிச்சம், காற்று, பொதுநலன் என்பதே இதன் சொல்லாடல்.

நானும் அப்படித்தான் நம்பிக்கிட்டிருந்தேன். வெளிச்சத்தைக் கேட்டது யாருன்னு பார்த்தால் கதை மாறுது. பக்கத்துக் கட்டிடக்காரர்களுக்கு இருட்டு என்றால் வாடகை நஷ்டம். ஐந்தாம் அவென்யூ வியாபாரிகளுக்கோ, தையல் தொழிற்கூடங்களிலிருந்து மதிய இடைவேளையில் தெருவுக்கு வரும் புலம்பெயர்ந்த தொழிலாளர்கள் கண்ணை உறுத்தினார்கள். எந்தத் தெருவில் எந்தத் தொழில் என்று பிரித்ததும் இதே சட்டம்தான்.

அதற்காக எல்லாமே மோசடி என்று தள்ளிவிடவும் முடியாது. என் மனை, என் இஷ்டம் என்ற சொத்துரிமைக்கு அது ஒரு வரம்பு கட்டியது. மனைக்கு மேலுள்ள வானத்தில் மற்றவர்களுக்கும் பங்குண்டு என்று ஒப்புக்கொண்டது. நகரத்துக்கான சட்டம் எதுவானாலும் இரண்டையும் சேர்த்தே கேட்கணும்: வெளிச்சம் யாருக்கு, யாரை வெளியேற்றி?

பழைய கட்டிடத்தைச் சட்டம் தொடவில்லை. அது இன்றும் அங்கேயே நிற்கிறது.