இன்ஜினியரிங்கா, கம்ப்யூட்டர் சயின்ஸா? அமெரிக்காவில் 6-ம் வகுப்பிலேயே வரும் கேள்வி... எதைத் தேர்வு செய்வது?

அமெரிக்காவில் 5-ம் வகுப்பு முடிக்கப்போகும் பிள்ளைகள் உள்ள வீடுகளுக்கு, கோடை விடுமுறைக்குச் சில மாதங்கள் முன்பே பள்ளியில் இருந்து ஒரு படிவம் வந்துவிடும். மிடில் ஸ்கூல், அதாவது பெரும்பாலும் 6 முதல் 8-ம் வகுப்பு வரை, கணக்கு, அறிவியல், ஆங்கிலம், சமூக அறிவியல் கட்டாயம். மீதி ஓரிரு பீரியடுக்கு விருப்பப் பாடம். அந்தப் பட்டியலில் இன்ஜினியரிங்கும் கம்ப்யூட்டர் சயின்ஸும் இருந்தால் போதும், "என்னங்க, எதுல டிக் போடட்டும்?" என்று அங்குள்ள தமிழ் வீடுகளில் பஞ்சாயத்து ஆரம்பம். 11-ம் வகுப்பில் எந்த குரூப் எடுப்பது என்று மண்டையை உடைத்துக்கொண்டு வளர்ந்தவர்கள் ஆயிற்றே!

ஆனால், இது அந்த அளவுக்குப் பெரிய முடிவு இல்லை.

வகுப்பில் என்ன நடக்கும்?

பள்ளிக்குப் பள்ளி மாறும். பல பள்ளிகளில் 'புராஜெக்ட் லீட் தி வே' என்ற லாப நோக்கமற்ற அமைப்பின் 'கேட்வே' பாடத்திட்டம் இருக்கிறது. அதில் 'டிசைன் அண்ட் மாடலிங்' பிரிவில், பெருமூளை வாதம் உள்ள குழந்தைக்கு உதவும் பொம்மையை மாணவர்களே வடிவமைக்கிறார்கள். அளவெடுத்து, வரைந்து, மாதிரி செய்து, சரிவராவிட்டால் மறுபடி முதலில் இருந்து. 'ஆப் கிரியேட்டர்ஸ்' பிரிவில் மொபைல் ஆப் செய்யக் கற்கிறார்கள்.

இங்கேதான் பெற்றோர் ஏமாறுவது. ரோபோ செய்யும் இன்ஜினியரிங் வகுப்பிலும் கோடிங் உண்டு. கம்ப்யூட்டர் சயின்ஸ் பிரிவு ஒன்றில் 'மைக்ரோபிட்' என்ற குட்டி சர்க்யூட் போர்டு கைக்கு வரும். எனவே பாடத்தின் பெயரை விட்டுவிட்டு, அந்த வருஷம் என்ன செய்யச் சொல்வார்கள் என்று கேட்பதே நல்லது.

காலேஜுக்கு இது முக்கியமா?

பொதுவாக இல்லை. கல்லூரிகள் பார்ப்பது 9-ம் வகுப்பு முதல் உள்ள மதிப்பெண்களை. உயர்நிலைப் பள்ளியில் ஏ.பி. கம்ப்யூட்டர் சயின்ஸ் எடுக்கக்கூட மிடில் ஸ்கூல் கோடிங் தேவையில்லை. அல்ஜீப்ரா தெரிந்திருந்தால் நல்லது என்கிறார்கள், அவ்வளவுதான்.

உண்மையில் கவனிக்க வேண்டியது கணக்கு. 8-ம் வகுப்பில் 'அல்ஜீப்ரா 1' முடித்தால், ஜியோமெட்ரி, அல்ஜீப்ரா 2, பிரீ-கால்குலஸ் என்று போய் 12-ம் வகுப்பில் கால்குலஸ் கிடைக்கும். 9-ம் வகுப்பில்தான் ஆரம்பம் என்றால், நடுவில் ஒரே வருஷத்தில் இரண்டு கணக்குப் பாடமோ, கோடை வகுப்போ எடுத்துத்தான் எட்டிப்பிடிக்க வேண்டும். பல இடங்களில் இந்தப் பாதை 6-ம் வகுப்பிலேயே பிரிகிறது. எலெக்டிவுக்காக ராத்திரி முழுக்கப் பேசும் வீடுகள், இதைக் கேட்க மறந்துவிடுகின்றன.

அப்போ எதை எடுப்பது?

பிள்ளை எதில் தோற்றாலும் திரும்ப உட்காருகிறது என்று பாருங்கள். ஒட்டிய அட்டை பிய்ந்துபோனாலும் மறுபடி ஒட்டுகிற பிள்ளைக்கு இன்ஜினியரிங். ஓடாத புரோகிராமில் ஒரு கமாவைத் தேடி அரை மணி நேரம் சலிக்காமல் இருக்கும் பிள்ளைக்கு கம்ப்யூட்டர் சயின்ஸ். நாள் முழுக்க கேம் விளையாடுவது கோடிங் ஆர்வம் ஆகாது!

இரண்டும் வேண்டாம், வயலின்தான் வேண்டும் என்று பிள்ளை சொன்னால்? யோசிக்க வேண்டிய விஷயம். கோடிங்கை 9-ம் வகுப்பில்கூடத் தொடங்கலாம். பள்ளி ஆர்கெஸ்ட்ராவில் பெரும்பாலும் 6-ம் வகுப்பிலேயே சேர்ந்துவிடுகிறார்கள்; பிறகு நடுவில் நுழைவது கஷ்டம்.

படிவத்தைக் கொடுக்கும் முன் பள்ளி கவுன்சிலரிடம் இரண்டு கேள்வி: பாடம் அரை வருஷமா, முழு வருஷமா? பிடிக்காவிட்டால் மாற்றிக்கொள்ளக் கடைசி தேதி எது?