கூலிக்கான குரல் கொலைப் பட்டியலானது

தமிழ்நாட்டு எல்லையோரத்துப் பொதட்டூர்பேட்டையிலிருந்து திருப்பதி அதிக தூரமில்லை. அங்கே அலிபிரியில் 2003 அக்டோபர் 1 அன்று அப்போதைய ஆந்திர முதல்வர் சந்திரபாபு நாயுடுவின் காரைக் கண்ணிவெடி தாக்கியது. அவர் உயிர் தப்பினார். வெடி வைத்தவர்கள் மக்கள் யுத்தக் குழு என்ற நக்சலைட் அமைப்பினர்.

இந்த ஆயுத வழியின் வேர் ஆந்திராவின் ஸ்ரீகாகுளம் மலைகளில் இருக்கிறது. பள்ளி ஆசிரியர் வெம்படாபு சத்தியநாராயணா அங்கே பழங்குடியினரின் கூலிக்காகவும் நிலத்துக்காகவும்தான் போராடத் தொடங்கினார். நியாயமான கோபம்! 1967-ல் லேவிடியில் பழங்குடியினர் இருவரை நிலக்கிழார் தரப்பு சுட்டுக் கொன்றது. வழக்கில் தண்டனை யாருக்குமில்லை.

நீதி இல்லாத அந்த வெற்றிடத்தில் நுழைந்தது நக்சல்பாரி இயக்கத் தலைவர் சாரு மஜும்தாரின் 'அழித்தொழிப்பு' வழி, அதாவது வர்க்க எதிரிகளைக் கொல்லும் வழி. எதிரி யாரென்று சிறு ரகசியக் குழுவே தீர்மானித்தது. விசாரணை கிடையாது, மேல்முறையீடும் கிடையாது. 1791-ல் மரண தண்டனையை எதிர்த்துப் பேசிய பிரெஞ்சுப் புரட்சித் தலைவர் ரோபெஸ்பியரே பின்னாளில் கில்லட்டினை நம்பவில்லையா?

1970 ஜூலையில் சத்தியநாராயணா போலீஸாரால் கொல்லப்பட்டார். பிற்காலத்தில் 'உளவாளி' என்று நக்சலைட்டுகளால் சுடப்பட்டவர்களில் ஏழைப் பழங்குடியினரும் இருந்தனர்.