அதே நிரல், ஒருமுறை பச்சை, மறுமுறை சிவப்பு: ஏன்?

தாம்பரம் மெப்ஸிலோ சிறுசேரியிலோ, மொபைல் செயலி எழுதுகிறவர்களைக் கேட்டால் இந்தத் தொல்லையைச் சொல்வார்கள். இரவில் தோற்றுச் சிவப்பு காட்டிய தானியங்கிச் சோதனை, எதையும் மாற்றாமல் மறுபடி ஓட்டினால் தேறிப் பச்சை காட்டும்; இதை ‘நிலையற்ற சோதனை’ என்பார்கள்.

மின்சார ரயில் டிக்கெட் எடுக்கும் செயலி ஒன்றை வைத்துக்கொள்வோம். தாம்பரம்–கடற்கரை தேர்ந்தெடு, பொத்தானை அழுத்து, 2 விநாடி காத்திரு, திரையில் டிக்கெட் வந்ததா பார். சோதனை இவ்வளவுதான். எழுதியவரின் லேப்டாப்பில் அரை விநாடியில் பதில் வந்துவிடும். சோதனைகள் ஓடும் பொதுச் சர்வரிலோ, போன் போல இயங்கும் பல எமுலேட்டர்கள் ஒரே பிராசஸரைப் பங்குபோடுகின்றன; 2.1 விநாடி ஆனாலே சிவப்பு. செயலியில் பிழையே இல்லை, காத்திருந்த விதம்தான் தவறு. அப்பாச்சி மென்பொருள்களை ஆராய்ந்த 2014-ஆம் ஆண்டு இல்லினாய் பல்கலைக்கழக ஆய்வில், வகைப்படுத்திய நிலையற்ற சோதனைகளில் சுமார் 45% இந்த ரகம்தான்.

2 விநாடியை 10 ஆக்குவது தீர்வல்ல. ஒவ்வொரு ஓட்டமும் மெதுவாகும், தடுமாற்றமும் முழுதாகப் போகாது. நேரத்துக்குப் பதில் நிகழ்வுக்காகக் காத்திருக்க வேண்டும். ஆண்ட்ராய்டின் எஸ்பிரெஸ்ஸோ சோதனைக் கருவியில் ‘ஐட்லிங் ரிசோர்ஸ்’ இருக்கிறது: பின்னணி வேலை முடிந்ததைச் செயலி சொன்ன பிறகே சோதனை நகரும். ஐபோனில் இதற்கு எக்ஸ்சிடெஸ்ட் கருவியின் ‘எக்ஸ்பெக்டேஷன்’ உதவும். உண்மைச் சர்வருக்குப் பதில் போலிச் சர்வரை வைத்தால் நெட்வொர்க்கின் ஏற்ற இறக்கமும் ஒழியும்.

தோற்றால் தானாக மூன்று முறை ஓட்டும் பழக்கத்தை நான் ஏற்கவில்லை. செயலிக்குள் இணையாக ஓடும் இரண்டு த்ரெட்கள் ஒரே தகவலை முந்தியடித்து எழுதும் நிஜப் பிழையும் இப்படித்தான் எப்போதாவது தலைகாட்டும். மறு ஓட்டம் அதை மறைத்துவிடும். பிறகு பிளாட்பாரத்தில் நிற்கும் பயணிக்குத்தான் அது தெரியவரும்.