டிரைவர் போட்ட பாட்டு

விருத்தாசலத்துக்காரர்கள் மணிமுத்தாற்றைக் காட்டி ஒரு கதை சொல்வார்கள். சுந்தரர் பழமலைநாதரைப் பாடி 12,000 பொன் பெற்றார். திருவாரூரில் இருந்த மனைவி பரவையாருக்காகக் கேட்ட பொன் அது. இறைவன் சொன்னபடி அதை இந்த ஆற்றில் போட்டுவிட்டுக் கிளம்பினார். திருவாரூர் போய்க் கமலாலயக் குளத்தில் இறங்கித் துழாவினால் கைக்கு ஒன்றும் அகப்படவில்லை. பாடினார், பொன் வந்தது.

பக்தர்களுக்கு இது இறைவனின் திருவிளையாடல். நினைவைப் பற்றிய ஆய்வுகளைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு இந்தக் கதை ஞாபகம் வருகிறது. அன்புக்குரியவருக்காக ஓர் ஊரில் போட்டதை, வேறோர் ஊரில், பாட்டால்தான் மீட்க முடிந்தது.

1980களிலும் 90களிலும் இந்தப் பக்கத்தில் இளைஞர்களாக இருந்தவர்களைக் கேட்டுப் பாருங்கள். பெண்ணாடம், திட்டக்குடி, உளுந்தூர்ப்பேட்டை என்று எந்தப் பக்கமிருந்து வந்தாலும் காலை பஸ்தான். கல்லூரிக்குப் போகிறவர்கள், பீங்கான் தொழில் படிக்கிறவர்கள், செராமிக் தொழிற்பேட்டைக்கு வேலைக்குப் போகிறவர்கள் எல்லோரும் அதில் இருப்பார்கள். முன்பக்கம் பெண்கள், பின்பக்கம் ஆண்கள். ஒரு வார்த்தை பேச வழியில்லை. டிரைவர் தலைக்குமேல் இருந்த டேப் ரெக்கார்டரில் பெரும்பாலும் இளையராஜா. யாரோ ஒருத்தி திரும்பிப் பார்த்த அந்த நொடியில் எந்தப் பாட்டு ஓட வேண்டும் என்பதை முடிவு செய்தவர் டிரைவர்.

கொஞ்சம் துணிச்சல் உள்ளவர்கள் ரெக்கார்டிங் சென்டருக்குப் போனார்கள். ஒரு தாளில் பாட்டுகளை வரிசையாக எழுதி, 60 நிமிட கேசட்டோடு கடைக்காரரிடம் கொடுத்துவிட்டு இரண்டு நாள் காத்திருந்தார்கள். அந்த வரிசையை எழுதப் பட்ட பாடு கடிதம் எழுதுவதைவிடப் பெரியது. எந்தப் பாட்டுக்குப் பின் எந்தப் பாட்டு என்பதில்தான் சொல்ல முடியாததெல்லாம் இருந்தது. கேசட் கைமாறியதா, வீட்டு அலமாரியிலேயே தங்கிவிட்டதா என்பது வேறு கதை.

ஆஸ்திரேலியாவின் மெக்குவாரி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் தம்பதிகளிடமும் காதலர்களிடமும் 'எங்கள் பாட்டு' என்று ஒன்று உங்களுக்கு உண்டா என்று கேட்டார்கள். பாதிக்கும் மேற்பட்டவர்கள் உண்டு என்றார்கள். 2020-இல் வெளிவந்த ஆய்வு இது. நம் ஊர்களில் இருவரும் சேர்ந்து ஒரு பாட்டைத் தங்களுடையதாக்கிக்கொள்ளும் அளவுக்குப் பல காதல்கள் போனதேயில்லை. ஒருவர் மனத்தோடு நின்றுபோன பாட்டுகளே அதிகம். தேர்ந்தெடுக்காமல், தற்செயலாகக் காதில் விழுந்த அந்தப் பாட்டுக்கும் நினைவைக் கிளப்பும் பலம் குறைவதில்லை.

கலிபோர்னியாவின் டேவிஸ் நகரில் பீட்டர் ஜனாட்டா என்ற நரம்பியல் ஆய்வாளர் செய்த சோதனை இதற்குச் சான்று. 13 மாணவர்களை மூளை ஸ்கேன் கருவிக்குள் படுக்கவைத்து ஆளுக்கு 30 பாட்டுத் துணுக்குகளைப் போட்டார். அவர்களுக்குப் பிடித்தது எது என்று அவர் கேட்கவில்லை. அவரவருக்கு 8 முதல் 18 வயது நடந்த காலத்தில் பிரபலமாக இருந்த பாட்டுகளிலிருந்து குலுக்கல் முறையில் எடுத்தவை அவை. நம் பஸ் டிரைவர் செய்ததும் அதுதான். சராசரியாக 17 பாட்டுகளை மாணவர்கள் அடையாளம் கண்டார்கள். அவற்றில் 13 பாட்டுகள் ஏதோவொரு சொந்த நினைவோடு ஒட்டியிருந்தன. நெற்றிக்குப் பின்னால், மூளையின் நடுக்கோட்டை ஒட்டிய முன்பகுதி அப்போது சுறுசுறுப்பாக இயங்கியது. பாட்டின் நகர்வையும் சொந்த வாழ்வின் காட்சியையும் இந்தப் பகுதிதான் இணைத்துப் பிடிக்கிறது என்று 2009-இல் ஜனாட்டா எழுதினார்.

ஏன் அந்த வயது? 18 முதல் 82 வயது வரையிலான 470 பேரை வைத்து கெல்லி யாகுபோவ்ஸ்கி குழு 2020-இல் வெளியிட்ட ஆய்வில், 14 வயதையொட்டிய காலத்துப் பாட்டுகளே மிக அதிகமான சொந்த நினைவுகளைக் கிளப்பின. நான் யார் என்ற கேள்வி முளைக்கிற வயது அது. முதல் அனுபவங்களின் வயதும் அதைத் தொடர்ந்தே வருகிறது. மனம் பதறும்போது சுரக்கும் நார்அட்ரினலின், மூளையில் அமிக்டலா என்ற பகுதி வழியாக நினைவை ஆழப் பதிக்கிறது. ஜேம்ஸ் மெக்காவ் போன்றவர்கள் பல ஆண்டுகள் ஆராய்ந்து நிறுவியது இது. பஸ்ஸில் ஒரு பார்வைக்குப் படபடத்த நெஞ்சு, பக்கத்தில் ஒலித்த எதையும் விடாமல் சேர்த்துப் பதித்துக்கொண்டது.

காதலுக்கும் இசைக்கும் இன்னொரு பொருத்தமும் உண்டு. 2005-இல் ஹெலன் ஃபிஷர் குழு, தீவிரக் காதலில் இருந்த 17 பேருக்கு அவர்களுடைய காதலரின் படத்தைக் காட்டி மூளையைப் படமெடுத்தது. டோபமின் என்ற வேதிப்பொருள் சுரக்கும் நடுமூளைப் பகுதி தூண்டப்பட்டிருந்தது. 2011-இல் மான்ட்ரியலில் வலோரி சலிம்பூர் குழு, இசை கேட்டு உடல் சிலிர்க்கும்போதும் டோபமின் வெளிப்படுவதைக் காட்டியது. சிலிர்ப்பு வருவதற்குச் சில நொடிகள் முன்பே, எதிர்பார்ப்பிலேயே, மூளையின் இன்னொரு பகுதியில் அது தொடங்கிவிடுகிறது. பல்லவி வரப்போகிறது என்று காத்திருப்பதும், அடுத்த நிறுத்தத்தில் அவள் ஏறுவாள் என்று காத்திருப்பதும் மூளைக்குள் பெரும்பாலும் ஒரே வழித்தடத்தைப் பயன்படுத்துகின்றன.

ஆனால் எல்லாப் பாட்டும் கடைசிவரை இந்த வேலையைச் செய்வதில்லை. ஒரே குறிப்போடு பல நினைவுகள் சேரச்சேர, அந்தக் குறிப்பு எதையும் துல்லியமாக எடுத்துக்கொடுக்க முடியாமல் போகிறது. நாற்பது ஆண்டுகளாகக் கல்யாண வீடு, டீக்கடை, டிவி, இப்போது செல்போன் என்று ஓயாமல் ஒலிக்கும் பெரிய ஹிட் பாட்டுக்கு இதுதான் கதி. அதே படத்தில் யாரும் அதிகம் கவனிக்காத ஐந்தாவது பாட்டு திடீரென்று ஒரு நாள் காதில் விழுந்தால் ஆளை உலுக்கிவிடும். இடையில் அதன்மேல் வேறெதுவும் படியவில்லை. பிரேம்குமாரின் '96' (2018) படம் இதை நுட்பமாகப் பிடித்திருக்கிறது. பள்ளி நாட்களில் ராம் கேட்டுக்கேட்டும் ஜானு பாடாத 'தளபதி' (1991) பாட்டை, இருபது ஆண்டுகளுக்கு மேல் கழித்துத்தான் பாடுவாள். திரையரங்கில் அந்த இடத்தில் எழுந்த ஆரவாரம், அவரவருக்கென்று ஒரு பாட்டு உள்ளே இருந்ததால் எழுந்தது என்று நம்புகிறேன்.

மீண்டு வரும் நினைவு எவ்வளவு உண்மை? சுந்தரர் கதையில் இதற்கும் ஒரு கட்டம் உண்டு. குளத்தில் கிடைத்த பொன்னை, முன்பே மாதிரிக்காக வெட்டி எடுத்து வைத்திருந்த துண்டோடு (மச்சம்) உரசிப் பார்த்தால் மாற்றுக் குறைவாக இருந்ததாம். நினைவுக்கும் மாற்றுக் குறையும். விருத்தாசலத்தில் பொம்மை செய்கிறவர்களுக்குத் தெரியும்: பச்சை மண்ணில் செய்ததைத் தண்ணீரில் போட்டால் கரைந்துவிடும், சூளையில் வெந்தது கரையாது. நினைவும் ஒருமுறை வெந்தால் அப்படியே நிற்கும் என்றுதான் நெடுங்காலம் நினைத்திருந்தார்கள். 2000-இல் கரீம் நாடர், ஜோசப் லெடூ குழு எலிகளிடம் செய்த சோதனை அந்த எண்ணத்தை அசைத்தது. ஓர் ஒலியைக் கேட்டாலே அஞ்சும்படி பழக்கிய எலிகளுக்கு, அந்த ஒலியை மறுபடி கேட்கவைத்த கையோடு, அமிக்டலாவில் புதிய புரதம் உருவாகாமல் தடுக்கும் மருந்தைச் செலுத்தினார்கள். பிறகு அந்த ஒலிக்கு அவை முன்போல் அஞ்சவில்லை. ஒலியை நினைவூட்டாமல் மருந்து மட்டும் கொடுத்த எலிகளுக்கு அச்சம் அப்படியே இருந்தது. வெளியே எடுக்கப்படும் நினைவு மறுபடி பச்சை மண்ணாகக்கூடும்; அப்போது திரும்ப வேகவைத்துத்தான் உள்ளே போகிறது. பாட்டு கேட்டுத் திரும்பத்திரும்ப நினைத்த முகத்தில் நம் கைரேகையும் பதிந்திருக்கும். அதனால் அந்த அன்பு பொய்யாகிவிடாது.

இந்தப் பிணைப்பு முதுமையிலும் எளிதில் அறுவதில்லை. அல்சைமர் நோயில் மூளையின் எந்தப் பகுதிகள் முதலில் தேய்கின்றன என்பதை ஜெர்மனியின் லைப்சிக் ஆய்வாளர்கள் 2015-இல் ஒப்பிட்டார்கள். நெடுநாள் பழகிய பாட்டோடு தொடர்புடைய பகுதிகள் ஒப்பளவில் குறைவாகவே சிதைந்திருந்தன. பெயர் மறந்த மனைவியின் முன்னால் பழைய பாட்டின் சரணத்தை முழுதாகப் பாடும் தாத்தாக்களைக் குடும்பங்கள் பார்த்துக்கொண்டுதான் இருக்கின்றன.

அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் கரோல் கிரம்ஹான்சல் 2013-இல் வெளியிட்ட ஆய்வொன்று பேரப்பிள்ளைகளைப் பற்றியது. இருபது வயது மாணவர்களுக்குப் பல பத்தாண்டுகளின் பாட்டுகளைப் போட்டுக் கேட்டதில், தங்கள் காலத்துப் பாட்டுகளோடு, தாய் தந்தையர் இளைஞர்களாக இருந்த காலத்துப் பாட்டுகளிலும் நினைவும் பற்றும் கூடியிருந்தன. தாத்தா பாட்டி காலத்துக்கும் ஒரு சிறு மேடு தெரிந்தது. வீட்டில் பெற்றோர் கேட்ட பாட்டுகள் குழந்தைக்கும் இறங்கியிருக்கலாம் என்று கிரம்ஹான்சல் கருதுகிறார். இன்று விருத்தாசலம் பஸ் நிலையத்தில் இயர்போனில் 1985-ஆம் வருடத்துப் பாட்டைக் கேட்டபடி நிற்கும் பெண்ணிடம், அது உனக்கு எப்படிப் பிடித்தது என்று கேட்டால், அப்பா வண்டி ஓட்டும்போது போடுவார் என்பாள். அப்பா ஏன் அந்தப் பாட்டையே போடுகிறார் என்று அவள் இதுவரை கேட்டதில்லை.