பொருளாதாரத் தேக்கமும் மெதுவளர்ச்சியும்: ஒரு விளக்கம்

முன்னுரை

பின்னடைவு, மெதுவளர்ச்சி, தேக்கம் ஆகிய மூன்று சொற்களும் தமிழில் பெரும்பாலும் ஒரே பொருளில் வழங்கப்படுகின்றன. இவற்றின் வேறுபாட்டையும், தீர்வு காண்பதில் அவ்வேறுபாட்டின் இன்றியமையாமையையும் இக்கட்டுரை விளக்குகிறது.

மூன்று நிலைகள்

உற்பத்தி முந்தைய அளவைவிடக் குறைவது பின்னடைவு. 1979-80ஆம் ஆண்டில் இந்தியாவின் உள்நாட்டு உற்பத்தி ஏறத்தாழ 5 விழுக்காடு சரிந்தது இதற்குச் சான்றாகும். உற்பத்தி பெருகினும் அதன் வேகம் குன்றியிருப்பது மெதுவளர்ச்சி. உற்பத்தியோ தலைவீத வருவாயோ பல்லாண்டுகள் குறிப்பிடத்தக்க உயர்வின்றி நிற்பது தேக்கம்.

திருவில்லிபுத்தூரை அடுத்த திருவண்ணாமலை முதல் இராசபாளையம் வரையிலான மலையடிவாரத்தில் கண்மாய்ப் பாசனம் பழமையானது. கண்மாய் நீர் குறைவது பின்னடைவுக்கு ஒப்பாகும். நீர் சிறிதளவு உயரும்போது, அதனை நம்பிய வயல்களும் அதே விகிதத்தில் பெருகினால், ஒரு வயலுக்குக் கிடைக்கும் நீர் மாறுவதில்லை. மெதுவளர்ச்சி தேக்கமாகும் இடம் இதுவே.

இந்தியச் சான்று

1950 முதல் 1980 வரை இந்தியப் பொருளாதாரம் ஆண்டுக்குச் சராசரியாக 3.5 விழுக்காடு வளர்ந்தது. பொருளியலாளர் ராஜ் கிருஷ்ணா இதனை ‘இந்து வளர்ச்சி வீதம்’ எனக் குறித்தார். மக்கள்தொகை ஆண்டுக்கு 2 விழுக்காட்டிற்கு மேல் பெருகியமையால், தலைவீத உயர்வு ஏறத்தாழ 1.3 விழுக்காடாகவே அமைந்தது. இவ்வேகத்தில் நாட்டின் மொத்த உற்பத்தி 20 ஆண்டுகளில் இரட்டிப்பாகும். தலைவீத வருவாய் இரட்டிப்பாக 50 ஆண்டுகளுக்கு மேலாகும். கணக்கேட்டில் வளர்ச்சியாகத் தோன்றுவது ஒரு தலைமுறையின் வாழ்வில் தேக்கமாகவே உணரப்படும்.

காரணங்களின் வேறுபாடு

1938இல் அமெரிக்கப் பொருளியலாளர் ஆல்வின் ஹான்சன் நீடித்த தேக்கம் பற்றிய கருத்தை முன்வைத்தார். மக்கள்தொகைப் பெருக்கமும் புதிய தொழில்நுட்பமும் குன்றினால் முதலீட்டிற்கான தேவை சுருங்கும் என்பது அவர் கருத்து. இந்திய நிலை இதற்கு நேர்மாறானது. இங்கு மக்கள்தொகை விரைந்து பெருகியது. பருவமழையைச் சார்ந்த வேளாண்மை, மூலதனப் பற்றாக்குறை, உரிமக் கட்டுப்பாடுகள் ஆகியன உற்பத்தியை மட்டுப்படுத்தின. முன்னது தேவைக் குறைவால் விளைவது. பின்னது உற்பத்தித் திறன் குறைவால் விளைவது.

இராசபாளையத்தை அடுத்த சத்திரப்பட்டி, பேண்டேஜ் துணி நெசவிற்குப் பெயர்பெற்றது. அத்தகைய ஊரில் விசைத்தறிகள் ஓடாதிருப்பதாகக் கொள்வோம். துணிக்குக் கொள்முதல் ஆணைகள் இல்லாமையே காரணமெனில், தேவையைப் பெருக்கும் அரசுச் செலவு பயன்தரும். நூல் விலையேற்றமோ மின்தடையோ காரணமெனில், அச்செலவு உற்பத்தியைப் பெருக்காமல் விலையையே உயர்த்தக்கூடும். நின்ற தறி ஒன்றே; தீர்வு இரண்டு.

முடிவுரை

வளர்ச்சி வீதம் என்னும் ஓர் எண் மட்டும் ஒரு பொருளாதாரத்தின் நிலையை உணர்த்தாது. அதனை மக்கள்தொகையோடும் விலைவாசியோடும் கால அளவோடும் பொருத்திக் காணும்போதே தேக்கம் புலப்படும். அதன் காரணத்தைப் பிரித்தறியாமல் வகுக்கப்படும் திட்டம், பொதுப்பணத்தைச் செலவிட்டும் தேக்கத்தைத் தீர்க்காது.